அப்பா வைத்த சீர்

அந்தக் கோடையில் என்னோடு கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மாங்காய் கடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கடைசி வரை படியுங்கள். உங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கப்பாவுக்குக் கருமாதி முடிந்துவிட்டது. பந்தலைக்கூடப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள், தப்பும் தவறுமாகத்தான் வரும். ஆனால் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

நம் ஊர் ஃபுட்பால் லீக்குக்குப் பெயர் கிடையாது என்பது ஞாபகம் இருக்கிறதா? கோடை மேட்ச் என்போம், அவ்வளவுதான். மாவட்டத்தில் யாருக்கும் அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. பெண்ணாடத்துக் கிளப்பில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை ஆலையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள். அதனால் அரவை முடிந்த பிறகுதான் மேட்ச் ஆரம்பிக்கும். திட்டக்குடிக்காரர்கள் பஸ்ஸில் வருவார்கள், எப்போதும் லேட்டாகத்தான் வருவார்கள், வந்ததும் தண்ணீர் கேட்பார்கள். மங்கலம்பேட்டை டீமுக்கு மட்டும் நல்ல பூட்ஸு, நல்ல பந்து. அண்ணன் தம்பி யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள். அவர்கள் பந்தில் இருந்த ரப்பர் வாசனைக்காகவே நாம் அதைத் தூக்கிப் போய்க் கொடுக்கச் சண்டை போடுவோம். நம் ஊரில் பீங்கான் வேலை, அதனால் நம்முடையது பீங்கான் கிளப். பாதிப் பேர் வெறுங்கால்.

வெறுங்காலில் ஆடுகிற கிரவுண்டா அது! சூளைகளில் உடைந்ததையெல்லாம் வருஷக்கணக்காகக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் மண் அடித்த இடம். ஒரு மழை பெய்தால் போதும், பொம்மையின் கை, கப்பின் காது, வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் மேலே வந்துவிடும். அதனால் மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு டீமும் ஒரே வரிசையாக நின்று, குனிந்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சில்லு பொறுக்கிக்கொண்டே போகும். வந்த ஊர்க்காரனும் பொறுக்கித்தான் ஆகவேண்டும். அப்போது பேச்சு முழுக்க யார் வீட்டில் பொண்ணு, யார் வீட்டில் காது குத்து என்பதாகத்தான் இருக்கும். அந்த வரிசையிலேயே கல்யாணம்கூடப் பேசி முடித்திருக்கிறார்கள். எங்கம்மாவை அப்பாவுக்குப் பேசியதும் அப்படித்தான். அம்மா பெண்ணாடத்துப் பெண். அம்மாவின் தம்பி, என் மாமா, பெண்ணாடத்து டீமில் கோல் அடிக்கிறவர். எங்கப்பா பீங்கான் டீமில் கோல் காக்கிற கோலி.

அப்பாவுக்கு வேலை சூளையில். சூளைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது வழியாக உள்ளே நெருப்பின் நிறத்தைப் பார்த்து, சரக்கு வெந்துவிட்டதா, இன்னும் எரிக்கணுமா என்று சொல்லவேண்டும். அப்போது அப்பா வேலை செய்த பீங்கான் யூனிட்டில் அதற்கு மீட்டர் கிடையாது, அப்பாவின் கண்தான். அந்த ஓட்டையில் முகத்தை நேராக வைத்தால் புருவம் பொசுங்கும். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும். அப்படியே பழகிப்போய், சூளை பார்க்கிறவர்கள் வெளியிலும் தலையைச் சாய்த்துத்தான் மனுஷரைப் பார்ப்பார்கள், கோழி தவிட்டைப் பார்க்கிற மாதிரி. சூளைப் பார்வை என்று நம் ஊரில் அதற்குப் பெயரே உண்டு. கடைக்காரர்கள்கூடக் கிண்டலுக்கு அப்படிப் பார்த்துக் காட்டுவார்கள். ஆகவே அப்பா தலையைச் சாய்த்தபோது யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அம்மாவும் நினைக்கவில்லை.

கோலியாக அவர் நிற்கிற விதமே தனி. நடுவில் நிற்கமாட்டார். தன் இடது கைப் பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நிற்பார். வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். வா, இங்கே அடி என்று ஆசை காட்டுகிற மாதிரி இருக்கும். ஆசைப்பட்டு அடித்தவன் பந்தையெல்லாம் பாய்ந்து பிடித்துவிடுவார். விழுந்து எழுந்திருக்கும்போது உடம்பெல்லாம் வெள்ளை மாவு. திட்டக்குடியில் ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, இவன் கோலி இல்லை, எலிப்பொறி என்றார். அந்த வருஷம் முழுக்க அப்பா எலிப்பொறிதான். நாமும் அப்படியே கத்தினோம். அது தந்திரம் என்று ஊரே நம்பியது.

அந்த வருஷம் ஃபைனலுக்கு நாமும் பெண்ணாடமும் வந்தோம். எனக்குக் காது குத்துவதும் அதே வாரம். எட்டு வயசாகியும் குத்தாமல் இருந்தது, ஒவ்வொரு தடவையும் யாராவது செத்துத் தீட்டாகித் தள்ளிப்போனதால். மாமா மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும் என்பதால் அவர் ஃபைனலுக்கு முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் எதிர் எதிராக ஆடப்போகிற ரெண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாளைக்கு எவன் ஜெயித்தாலும் எனக்குத்தான் கப்பு என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள். மாமா அப்பாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மோர் டம்ளரை நீட்டினார், அப்பா வாங்கவில்லை. பேச்சு சுவாரசியம் என்று நினைத்தேன். பிறகு மாமா ஈ ஓட்டுகிற மாதிரி அப்பாவின் கன்னத்துப் பக்கம் கையை ஆட்டினார். ஈ எதுவும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஃபைனல் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வெயில் தாழ்ந்தும் மண் சுட்டது. ஐஸ் வண்டிக்காரர் விற்பனையை விட்டுவிட்டு வண்டி மேலேயே ஏறி நின்று பார்த்தார். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. பெண்ணாடத்துக்காரர்கள் திறந்து கிடந்த பக்கமே அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். முடியப்போகிற நேரத்தில் மாமா பந்தோடு வந்தார். எல்லாரும் ஓங்கி அடிப்பார் என்று நினைத்தோம். அவர் நின்று, அப்பாவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சந்துக்குள், ஒரு ஆள் உடம்பு அகலம்கூட இல்லாத அந்த இடத்துக்குள், மெதுவாகத் தட்டிவிட்டார். பந்து உருண்டுதான் போனது. குழந்தைகூடக் காலை வைத்து நிறுத்தியிருக்கும். அப்பா காலை நகர்த்தவே இல்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிரவுண்டே அடங்கிப்போனது. பெண்ணாடத்துக்காரர்களுக்கே கத்தலாமா கூடாதா என்று தெரியவில்லை. அப்புறம் நம் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஊர்ல மச்சான்தான் சீர் கொண்டாருவான். இவரு மச்சானுக்கே சீர் வெச்சிட்டாருப்பா."

அதற்குத்தான் எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து அதற்கு சீர் கோல் என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் டப்பாவில் முட்டை இருந்தால்கூட, மாமன் வூட்டுச் சீரா என்று கேட்டார்கள்.

ரெண்டு நாள் கழித்துக் கொளஞ்சியப்பர் கோயிலில் காது குத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசி மாமா மடியில் உட்காரவைத்தார்கள். எட்டு வயசுக்காரிக்குக் கால் தரையில் இடித்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது நம் டீம் ஆட்கள் வந்தார்கள். விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று அம்மா எழுந்து வாங்க வாங்க என்றாள். யாரும் உட்காரவில்லை. கேப்டன் முன்னால் வந்தார். அவர் அப்பாவோடு ஒரே யூனிட்டில் பேக்கிங்கில் இருந்தவர், வயசில் சின்னவர். கெட்டவர் என்று இப்போதும் சொல்லமாட்டேன். மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணே, ஊர் வாயை மூட முடியல. சூடத்தை ஏத்தி, வேணும்னு வுடலன்னு சாமி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"வேணும்னு வுடல," என்றார் அப்பா.

"சரிண்ணே. அப்ப ஏன் கால நீட்டலன்னும் சேத்துச் சொல்லிடுங்க."

கொளஞ்சியப்பர் முன்னால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மறைக்கிறவன் குடும்பம் விளங்காது என்பது நம் பக்கத்துப் பயம். சத்தியம் செய்தால் முழுக்கச் சொல்லணும், இல்லாவிட்டால் வாயே திறக்கக்கூடாது. அப்பா தலையைச் சாய்த்து, கேப்டன் ஏற்றிய சூடத்தையே பார்த்தார். அப்புறம், "நான் சத்தியம் பண்ணல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதுதான் அவர் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கேப்டன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். அவர் அப்பாவை நம்பித்தான் வந்திருந்தார். ஊசி காதில் இறங்கியபோது நான் கத்தினேன். மாமா உடம்பு என்னைவிட அதிகமாக நடுங்கியது. என் வலிக்காக நடுங்குகிறார், பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அப்புறம் அப்பா கிரவுண்டுப் பக்கமே போகவில்லை. கிளப்பும் கூப்பிடவில்லை. சூளைக்குப் போவார், வருவார். டீக்கடையில் யாராவது சீர் என்றால் எழுந்து வந்துவிடுவார். அவருடைய கோலி சட்டையை அம்மா கொஞ்ச நாள் அடுப்புத் துணியாக வைத்திருந்தாள், அப்புறம் அதுவும் எங்கே போனதோ தெரியாது.

ஆனால் அம்மாவுக்கு வேற ஒரு கணக்கு இருந்தது. எனக்குத் தலை வாரும்போது ரகசியம் மாதிரி சொல்லுவாள்.

"உங்கப்பா ஊரையே எதுத்துக்கிட்டு என் தம்பிய ஜெயிக்க வெச்சாருடி. எனக்காகத்தான். எவ புருஷன் செய்வான்?"

அந்த ஒரு நினைப்பில்தான் அவள் எத்தனையோ சண்டைகளை விழுங்கினாள். அப்பா கோபத்தில் தட்டை நகர்த்தினாலும், கூப்பிட்டால் திரும்பாமல் போனாலும், அம்மா பொறுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பாமல் போனார் என்று எழுதிவிட்டு இப்போதுதான் யோசிக்கிறேன். அவள் எந்தப் பக்கம் நின்று கை காட்டிக் கூப்பிட்டாளோ.

இத்தனை வருஷம் கழித்து, இந்த மாதம் அப்பா செத்துப்போனார். ஜங்ஷன் ரோட்டில் டீ குடித்துவிட்டு ரோட்டைத் தாண்டியிருக்கிறார். இடது பக்கமிருந்து ஒரு மினி லாரி. ஓட்டிவந்த பையன் போலீஸ் ஸ்டேஷனில் அழுதான். அவர் என் வண்டி பக்கம் திரும்பினாரு, பாத்துட்டுத்தான் இறங்குனாரு என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்கிறான் என்று நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பார்த்துவிட்டு யாராவது வண்டிக்குள் நடப்பார்களா?

ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுக்கும்போது டாக்டர் அம்மாவிடம், அவருக்கு இடது கண்ணு எப்போதிருந்து தெரியாது என்று கேட்டார். அம்மா, அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துது என்றாள். டாக்டர் ஒருமாதிரி பார்த்தார். இது ரொம்பப் பழசும்மா, சூட்டுல வேலை செய்யறவங்களுக்கு வரும், நேத்து இன்னிக்கு வந்ததில்ல என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்த ரெண்டு பேர். அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். லாரிப் பையன் பொய் சொல்லவில்லை, அப்பா எதிரே பார்க்கத் தலையைச் சாய்த்ததைத்தான் அவன் தன் பக்கம் திரும்பியதாக நினைத்திருக்கிறான்.

கருமாதியன்று மாமா பொறந்த வூட்டுக் கோடி கொண்டுவந்தார். தட்டில் வெள்ளைச் சேலை, வெற்றிலை பாக்கு. கூடப்பிறந்தவன் அதை அக்கா தோளில் போர்த்தணும். பந்தலில் சொந்தக்காரர்கள், கிளப் ஆட்கள், எல்லாரும் இருந்தார்கள். கேப்டனுக்கு இப்போது முடி நரைத்துவிட்டது, லீக்குக்கே அவர்தான் பெரிய ஆள். அப்பா போட்டோவுக்கு ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். போடுப்பா, நேரமாவுது என்று யாரோ சொன்னார்கள்.

"மாமாவுக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா," என்றார். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். சாப்பிடும்போது மோர் நீட்டிப் பார்த்ததை, கையை ஆட்டிப் பார்த்ததை. உங்க ஊர்ல எல்லாரும் சூளைப் பார்வைன்னு வுட்டுட்டீங்க, எனக்கு அது பழக்கம் இல்ல, அதான் கண்டுபிடிச்சேன் என்றார். ஏன் கம்பத்தை ஒட்டி நிக்கிறாருன்னும் அப்பத்தான் புரிஞ்சுது என்றார். தெரியாத பக்கத்தைக் கம்பத்தை வைத்து அடைத்துவிட்டு, தெரிகிற கண்ணால் மீதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் அப்பா.

"எல்லாரும் தொறந்து கெடந்த பக்கமே அடிச்சாங்க. நான் மூடியிருந்த பக்கம் தட்டுனேன். அவரு பாக்கவே இல்லக்கா. பந்து தாண்டிப் போன சத்தத்துலதான் அவருக்குத் தெரிஞ்சுது."

கேப்டன் கையிலிருந்த மாலை அப்படியே தொங்கியது. அம்மா மட்டும் கேட்டாள்.

"அத அவருகிட்டயாவது சொன்னியாடா?"

"அன்னிக்கு சாயங்காலமே கால்ல வுழுந்தேன். கோலிய ஏமாத்தறதுதானடா ஆட்டம், அழுவாதன்னாரு. வெளிய மட்டும் சொல்லிடாத, கண்ணு போனவன்கிட்ட எவன் சூளையக் குடுப்பான்னாரு. உங்கக்காகிட்டயும் சொல்லாத, அவ தாங்கமாட்டான்னாரு. கோயில்ல கேட்டப்ப வாய் வரைக்கும் வந்துதுக்கா. அவரு வெளிய போறப்ப என்னத்தான் பாத்துட்டுப் போனாரு."

எனக்காகத்தான் விட்டார் என்று அவள் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தது ஒன்று இருந்ததே, அது போய்க்கொண்டிருப்பதை அவள் முகத்தில் நான் பார்த்தேன். புருஷன் செத்த அன்றுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"ஒரு ஆபரேஷன் பண்ணியிருக்கலாமேடா. ரோட்டுல கையப் புடிச்சாவது கூட்டிட்டுப் போயிருப்பனே. நான் தாங்கமாட்டன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணீங்களா? அப்ப நான் யாருடா உங்களுக்கு?"

மாமா சேலையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தக் கையைத் தூக்கினார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தானே போர்த்திக்கொண்டாள். பெரியம்மா ஒருத்தி, அப்படிச் செய்யக்கூடாதும்மா, முறை இல்ல என்றாள். அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேப்டன் எழுந்து போட்டோவுக்குப் பக்கத்தில் போனார். மாலையைப் போட்டார். அப்புறம் போட்டோவில் அப்பாவின் இடது கைப் பக்கம் ஓரமாக நின்று கைகூப்பிக்கொண்டு, அண்ணே, அண்ணே என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டுக்கு வந்தவரிடம் சாதாரணமாகச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அங்க நின்னா அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

கேப்டன் கூப்பின கையைப் பிரிக்காமலே போட்டோவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றார்.